கறவை வற்றிய வாரங்கள்

எங்கள் மருத்துவமனையின் அடித்தளத்துக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. வழி தெரியாமல் வருகிறவர்கள், வேறு வழியில்லாமல் வருகிறவர்கள். முதல் வகையைத் திருப்பி அனுப்புவது என் வேலை. பதிவு மேசை என்னுடையது. இரண்டாவது வகையைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போவது கடிகாரக்காவின் வேலை.

கதிர்மருந்துப் பிரிவில் பதினேழு வருஷமாக இருக்கிறார். கடிகாரக்கா என்ற பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. எதைக் கேட்டாலும் முதலில் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். நாளடைவில் அவரே உள்தொலைபேசியில் "கடிகாரம் பேசறேன், சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டார்.

அவர் நேரத்தைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பிரிவுக்கு வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை விடிகாலையில், ஒரு காரீயப் பெட்டி வரும். ஒரு வாளி அளவுதான் இருக்கும், ஆனால் ஒருவர் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கண்டம் தாண்டி விமானத்தில் வருகிற பெட்டி. உள்ளே இருக்கிற கதிர்ப்பொருளின் மேல் உப்புநீரை ஓடவிட்டால் மறுபுறம் மருந்து இறங்கும். அதை நோயாளிக்கு ஊசியில் ஏற்றி, காமிராவின் கீழே படுக்க வைத்தால், எலும்பில் எங்கே கோளாறு, இதயத்தில் எங்கே ரத்தம் ஓடவில்லை என்று படம் காட்டிவிடும். பெட்டிக்கு எங்கள் பிரிவில் பெயர் பசு. மருந்து எடுப்பதற்குக் கறப்பது என்று பெயர். காலை ஆறரைக்குக் கடிகாரக்கா கையுறை மாட்டிக்கொண்டு காரீயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கறப்பார். துறைத் தலைவரான பெரிய டாக்டர் உள்ளே நுழையும்போதே "இன்னைக்குப் பசு எப்படி?" என்று கேட்பார்.

இந்தப் பசுவுக்கு ஒரு குணம். நாம் கறந்தாலும் கறக்காவிட்டாலும் ஏறக்குறைய மூன்று நாளில் பாதியாகிவிடும். அடுத்த மூன்று நாளில் அந்தப் பாதியிலும் பாதி. குளிரில் வைத்தாலும் பூட்டி வைத்தாலும் அது கேட்காது.

கடிகாரக்காவின் வீடு மருத்துவமனையிலிருந்து இரண்டு பேருந்து தூரம். கீழ்த்தளத்தில் கடிகாரக்காவும் கணவரும். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர். மேல்தளத்தில் கொழுந்தனும் ஓரகத்தியும் இரண்டு குழந்தைகளும். கொழுந்தன் விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் சோதனை எழுத்தர். வீட்டில் வாய் ஓயாதவர் அவர்தான். "அண்ணி, உங்க பசு இன்னைக்கு எங்க கொட்டகையில எறங்கிடுச்சு, முட்டல, நல்ல சாது" என்று திங்கட்கிழமைதோறும் செய்தி அனுப்புவார். அண்ணி கல்யாணமாகி வந்தபோது அவர் பள்ளி மாணவர். கணக்குப் பாடத்துக்கு உட்கார வைத்ததும், சோதனை எழுத்தர் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததும் அண்ணிதான்.

சண்டை நடந்தது எங்கோ. இரண்டு நாடுகள், நடுவில் ஒரு கணவாய், அதில் யார் சாவடி போடுவது என்ற தகராறு. ஆரம்பத்தில் அது செய்தியின் வாலில் வந்தது, ஆட்ட முடிவுகளுக்குக் கொஞ்சம் முன்னால். கடிகாரக்காவுக்கு அந்த நாடுகளை வரைபடத்தில் காட்டத் தெரியாது. எனக்கும்தான். மூன்றாவது மாதம் அக்கம்பக்கத்து நாடுகள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. ஒரு ஜலசந்தியில் சரக்குக் கப்பல் ஒன்று எரிந்தது. கப்பல் கம்பெனிகள் அந்த வழியையே விட்டுவிட்டன. அவசரச் சரக்கு வைத்திருந்தவர்கள் எல்லாரும் விமானத்துக்கு ஓடினார்கள். அதே சமயம் அந்த வட்டாரத்து வானத்தையும் மூடிவிட்டார்கள். சுற்றிப் போகிற விமானத்துக்கு எண்ணெய் அதிகம் வேண்டும். எண்ணெயை ஏற்றினால் சரக்கைக் குறைக்க வேண்டும். இருக்கிற கொஞ்ச இடத்துக்கு இருமடங்கு கூட்டம். அந்தக் கூட்டத்தில் மஞ்சள் அபாயச் சீட்டு ஒட்டிய கனமான பெட்டியை எந்த விமானி ஆசையாக ஏற்றுவார்?

முதல் வாரம் பசு செவ்வாய்க்கிழமை வந்தது. அடுத்த வாரம் புதன். பிறகு ஒரு வதந்தி கிளம்பியது. சண்டையில் ஒரு தரப்பு கதிர்ப்பொருளைக் கடத்தி வெடியில் கலக்கப் போகிறது என்று. உண்மையா இல்லையா, இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் விமானம் மாறுகிற இடைநகரத்தில் எல்லா மஞ்சள் சீட்டுப் பெட்டிகளையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். ஒரு வாரத்துப் பெட்டி அங்கேயே கிடந்து, உயிர் போய், திரும்பிப் போனது.

கடிகாரக்கா பெரிய டாக்டரின் அறையில் உட்கார்ந்து பட்டியலைப் பிரித்தார். யாருக்கு இந்த வாரமே வேண்டும், யார் பொறுக்கலாம். பொறுக்கலாம் என்று எழுதப்பட்டவர்களைக் கூப்பிட்டுச் சொல்வது அவர் பொறுப்பு. மருந்தைப் பாதியாகக் கொடுத்து, படம் எடுக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும் வழியையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். இருபது நிமிஷம் அசையாமல் கிடக்க வேண்டியவர் நாற்பது நிமிஷம் கிடக்க வேண்டும். வலியோடு வருகிறவருக்கு அது லேசல்ல. கடிகாரக்கா கதவருகே நின்று, "பாதி தாண்டியாச்சு. மூச்சு மட்டும் விடுங்க, மீதிய நான் பாத்துக்கிறேன்" என்று பேசிக்கொண்டே இருப்பார். நாள் முழுக்க நின்று பேசியதில் மாலையில் குரல் கட்டிவிடும்.

இரண்டு முறை தள்ளிப்போனவர்களில் ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் மார்பில் கட்டி எடுத்தவர். இப்போது நடுமுதுகில் வலி. வண்டியின் இருக்கை சரியில்லை என்று பள்ளியோடு சண்டை போட்டுப் புது இருக்கையே வாங்கிவிட்டார். வலி போகவில்லை. இரண்டாவது முறை தள்ளிவைத்த அன்று நேரே என் மேசைக்கு வந்து நின்றார்.

"எங்கயோ சண்டை போடறாங்க, சரி. எம் முதுகுக்கும் அவங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

உள்ளேயிருந்து கடிகாரக்கா வந்தார்.

"மருந்து விமானத்துல வரணும்மா. விமானம் சுத்தி வருது. வர்ற வழியில பாதி செத்துப்போகுது."

"அப்ப நான்?"

கடிகாரக்கா மணிக்கட்டைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

"அடுத்தது வந்தா முதல் ஆள் நீங்க. நானே கூப்பிடறேன்."

போகும்போது அந்தம்மா படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். பேருந்து ஓட்டுகிறவர் படி ஏறுகிற மாதிரி இல்லை அது. கடிகாரக்கா அவர் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த பெட்டி வியாழக்கிழமை நண்பகலில் எங்கள் விமான நிலையத்தில் இறங்கியது. அதற்குள் அங்கேயும் புது விதி வந்திருந்தது. கதிர்ப்பொருள் எதுவானாலும் கொட்டகை எழுத்தர் கதிர்க் கசிவை அளப்பது போதாது. பாதுகாப்புக் குழு வந்து இரண்டாம் அளவு எடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். குழு ஒன்றுதான், விமான நிலையங்கள் நான்கு. எங்கள் ஊருக்குத் திங்களும் புதனும். வியாழன் வந்த பெட்டி திங்கள்வரை கிடந்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். காத்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர்.

பெரிய டாக்டர் குழுவின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். கடிதம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கடிகாரக்கா வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் மேல்தளத்துக்கு ஏறினார். கொழுந்தன் குழந்தையின் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் பிறகு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"தம்பி, அந்தப் பெட்டிய வெளியே விட முடியுமா?"

"திங்கக்கிழம விடுவாங்க அண்ணி."

"திங்கக்கிழம அது வெறும் டப்பா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நான் அளவு எடுத்துட்டேன். ஒழுகல் இல்ல, எல்லாம் ஒழுங்கா இருக்கு. ஆனா ரெண்டாவது கையெழுத்து என்னோடது இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சும் கேக்கறீங்க."

"ஆமா. தெரிஞ்சேதான் கேக்கறேன்."

ஓரகத்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, வந்ததும் வராததுமா ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க? தண்ணி குடிங்க" என்றார். கடிகாரக்கா குடித்தார். கொழுந்தன் சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "உங்க வண்டிய காலையில அஞ்சே காலுக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

அவர் பொய்க் கையெழுத்துப் போடவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பெட்டியை மறுபடி அளந்து, பதிவேட்டின் இரண்டாம் கட்டத்தில் "மருத்துவமனை அவசரம், அளவு சரி" என்று எழுதி, தன் சொந்தப் பெயரையே போட்டு, எங்கள் ஓட்டுநரிடம் ஒப்படைத்தார்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பிரிவு திறந்திருந்தது. நானும் வந்தேன். மருந்தைப் பங்கு பிரித்து, நேரத்தை நீட்டி, பத்தொன்பது பேருக்குப் படம் எடுத்தார் கடிகாரக்கா. முதல் ஆள் பேருந்து ஓட்டுகிற அந்தம்மா. நாற்பது நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அசையவில்லை. திரையில் எலும்புக்கூடு புள்ளி புள்ளியாக எழுந்து வந்தது. நடுமுதுகில் ஓர் எலும்பு மட்டும் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. பெரிய டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். "இது நொறுங்கறதுக்குள்ள பிடிச்சுட்டோம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கால் ரெண்டும் போயிருக்கும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே மூச்சில் வந்தன. எதற்கு முகத்தை மாற்றுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பாதுகாப்புக் குழு கொட்டகைக்கு வந்தது. பட்டியலில் பெட்டி இருந்தது, அலமாரியில் இல்லை. பதிவேடு பக்கத்து மேசையில்தான் கிடந்தது. ஒருவராவது அதைத் திறந்து பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பார்க்கவில்லை. கதிர்ப் பெட்டி ஒன்றைக் காணோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். கொட்டகையை மூடினார்கள். கிளம்பவிருந்த இரண்டு விமானங்களை நிறுத்தினார்கள். கால் மணி நேரத்தில் தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்து ஓட ஆரம்பித்தது. மருத்துவமனை வரவேற்பறையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த பெட்டி அவர்கள் காலுக்குக் கீழே, ஒரு தளம் தள்ளி, சாதுவாக உட்கார்ந்திருந்தது.

பத்தேகாலுக்கு அடித்தளத்துப் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். முகமூடியும் கவச உடையுமாக நான்கு பேர், பின்னால் போலீஸ். என் மேசைக்கு முன்னால் இருந்த நோயாளிகள் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கடிகாரக்கா கோட்டுப் பையில் கைவிட்டபடி வெளியே வந்தார்.

"பெட்டியத் தேடறீங்களா? உள்ள இருக்கு. வாங்க, காட்டறேன். ஆனா அந்த உடுப்போட வராதீங்க, நோயாளிங்க பயப்படறாங்க. நாங்க தினம் இந்தக் கோட்டோடதான் நிக்கறோம்."

அதிகாரி முகமூடியை இறக்கினார். "யார் வெளியே எடுக்கச் சொன்னது?"

"நான்தான் கேட்டேன்."

"யார் கொடுத்தது?"

கடிகாரக்கா கதவைத் திறந்து பெட்டியைக் காட்டினார். பெயரைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. அதே நேரத்தில் கொழுந்தனைக் கொட்டகையிலிருந்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கையில் இருந்த டீக்கோப்பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை என்று பிறகு சொன்னார்.

இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். எந்த நாட்டுக்காரர்களைத் தெரியும், சண்டை நடக்கிற பக்கம் உறவு உண்டா, போனில் யார் யார் எண் இருக்கிறது. அண்ணிக்கு அனுப்பிய செய்திகளைப் படித்துக் காட்டி, "பசு என்றால் என்ன? யாருடைய ரகசியப் பெயர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். விளக்கிய பிறகும் நம்பவில்லையாம். வேறு சமயமாக இருந்தால் இதைச் சொல்லியே ஒரு மாதம் சிரித்திருப்பார். இந்த முறை சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

வெளியே விட்டார்கள். குற்றம் எதுவும் எழுதவில்லை. ஆனால் விமான நிலைய அனுமதி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அட்டை இல்லாமல் கொட்டகைக்குள் கால் வைக்க முடியாது. விசாரணை முடியும்வரை வேலையும் இல்லை.

மருத்துவமனை கடிகாரக்காவைக் கைவிடவில்லை. பெட்டியைப் பெறுவதற்கு உரிமம் இருக்கிறது, எங்கள் பக்கம் தப்பு இல்லை என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதுதான் கடிகாரக்காவை அதிகம் அரித்தது. தனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை. விசாரணைக்கு யாரும் கூப்பிடாமலே போனார். ஒரு நீளமான அறை, முன்னால் ஒரே ஒரு மேசை. அதிகாரி வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"நான் கேக்காம அவர் செஞ்சிருக்க மாட்டார் சார். அத எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார். பேனாவை மூடிவிட்டுச் சொன்னார். "நீங்க கேக்கலாம்மா. கேக்கறது உங்க வேல. அவர் கொடுத்திருக்கக் கூடாது."

"கொடுக்கலன்னா ஒரு அம்மாவுக்கு நடையே போயிருக்கும்."

"இருக்கலாம். அதே மாதிரி இன்னொருத்தர் கேட்டு, இன்னொரு எழுத்தர் கொடுத்து, அந்தப் பெட்டியில வேற ஏதாவது இருந்தா?"

கடிகாரக்கா கும்பிட்டுவிட்டு எழுந்தார். திரும்பி வந்து என்னிடம் அதைச் சொன்னார். "அவர் சொன்னதும் சரிதான். அதுதான் தாங்கல" என்றார். பதினேழு வருஷத்தில் அவர் குரல் அப்படி ஒடிந்து நான் கேட்டதில்லை.

வீட்டில்தான் உண்மையான அடி. "கதிர் திருடினவர் வீடு" என்று தெருவில் பேச்சு. பள்ளியில் குழந்தைகளோடு யாரும் உட்காரவில்லை. ஒரு தாய் ஆசிரியரிடம் போய், அந்தப் பிள்ளைகள் உடம்பில் கதிர் இருக்குமா என்று கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் ஓரகத்தி படியிறங்கி வந்தார்.

"உங்க நோயாளிங்க நல்லா இருக்கட்டும்க்கா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க கையெழுத்தப் போட்டு வாங்கற வேலையா இருந்தா போட்டிருப்பீங்களா?"

"போட்டிருப்பேன்."

"போட்டிருப்பீங்க. ஆனா போட்டது அவர்."

அதற்குப் பிறகு அவர் கடிகாரக்காவிடம் பேசவில்லை. அக்காவின் கணவர், அந்த வாய் திறக்காத மனிதர், இரண்டு தளத்துக்கும் நடுவே படியில் உட்கார்ந்து விளக்கு சரிபார்ப்பதும் கைப்பிடிக்கு வண்ணம் அடிப்பதுமாக இருந்தார். அவர் அறிந்த சமாதானம் அவ்வளவுதான்.

நாலாவது மாதம் விசாரணை முடிந்தது. கெட்ட எண்ணம் இல்லை, விதி மீறல் உண்டு, அனுமதி அட்டை திரும்பக் கிடையாது. கொழுந்தன் ஊருக்கு வெளியே ஒரு தானியக் கிடங்கில் எடை மேடை வேலைக்குச் சேர்ந்தார். கிடங்குக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். சாமான் ஏற்றுகிற அன்று கடிகாரக்கா லீவு போட்டிருந்தார். பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். ஓரகத்தி வாங்கி வாங்கிப் பெட்டியில் அடுக்கினார்.

அந்தக் களேபரத்தில் ஒன்று நடந்தது. பல மருத்துவமனைகளின் பெரிய டாக்டர்கள் சேர்ந்து மனுக் கொடுத்ததில் இப்போது தனியாக ஒரு பாதுகாப்புக் குழு தினமும் எங்கள் விமான நிலையத்துக்கு வருகிறது. மருந்துப் பெட்டி வெளியே போக இரண்டே மணி நேரம். கணவாயில் சண்டை நின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். வானம் மட்டும் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. பசு செவ்வாய்க்கிழமை வருகிறது. நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம்.

பேருந்து ஓட்டுகிற அம்மாவுக்கு முதுகுக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். நடக்கிறார். இனி பேருந்து ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால் பள்ளியின் வண்டிக் கொட்டகையில் நேரம் குறிக்கிற வேலை. எத்தனை வருஷம் என்று அவரும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரக்கா கிடங்குக்குப் போனார். கணவர் பேருந்து நிறுத்தத்திலேயே நின்றுகொண்டார். எடை மேடைக்கு மேலே தகரக் கூண்டு, அதில் ஒரு மின்விசிறி, ஒரு பெஞ்சு. லாரிகள் வரிசையில் காத்திருந்தன. தானியமும் எங்கிருந்தோ சுற்றித்தான் வருகிறதாம். கப்பல் தாமதமானால் மூன்று நாள் சும்மா உட்கார வேண்டும், பிறகு ஒரே நாளில் நூறு லாரி. கொழுந்தன் பேசிக்கொண்டே ஒரு லாரியை மேடையில் ஏற்றி, எடை எழுதி, இறக்கினார். இளைத்திருந்தார்.

"அன்னைக்கு மொத்தம் எத்தன பேருக்கு எடுத்தீங்க அண்ணி?"

"பத்தொன்பது."

"எனக்கு யாரும் சொல்லல."

"நீ கேக்கல. எனக்கும் சொல்ல வாய் வரல."

அவர் அடுத்த லாரிக்குக் கை காட்டினார். அது ஏறி நின்று, ஓட்டுநர் இறங்கி, எண் நிலைத்ததும் கொழுந்தன் எடையை எழுதிக்கொண்டார்.

"வீட்டுக்கு வர்றீங்களா? அவ இருப்பா. பேசுவாளான்னு தெரியாது."

கடிகாரக்கா போனார். ஓரகத்தி கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லித் தலையசைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். குழந்தைகள் பெரியம்மாவின் மடியில் வந்து விழுந்தன. இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினார். பேச்சு எல்லாம் குழந்தைகள் மூலமாகத்தான் நடந்ததாம். "பெரியம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு", "வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு" என்று.

"அடுத்த மாசமும் போவேன்" என்று திங்கட்கிழமை என் மேசையருகே நின்று சொன்னார். உள்ளே தொலைபேசி அடித்தது. பெட்டி இந்த வாரம் புதன்கிழமைதான் என்று தகவல். பட்டியலை எடுத்துக்கொண்டு, யாரைத் தள்ளிவைப்பது என்று பார்க்கப் போனார்.